தானாகவே ரீஸ்டார்ட் ஆகும் வீட்டுக் கம்ப்யூட்டர்... கடைக்குத் தூக்கும் முன் இதைக் கவனியுங்கள்!

இப்படி ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். மகள் ப்ளஸ் டூ முடித்துவிட்டு, கல்லூரி விண்ணப்பத்தை ஆன்லைனில் நிரப்பிக்கொண்டிருக்கிறாள். அன்றுதான் கடைசி நாள். பெயர், முகவரி, மதிப்பெண் எல்லாம் போட்டு முடித்து, போட்டோவை அப்லோடு செய்யும் நேரத்தில் திரை சட்டென்று இருண்டுபோகிறது. சில நொடிகளில் கம்ப்யூட்டர் தானாகவே உயிர்பெற்று, விண்டோஸ் மறுபடி முதலிலிருந்து எழுந்து வருகிறது. விண்ணப்பத்தையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். கொஞ்ச நேரத்தில் மீண்டும் அதே கதை.

"வைரஸ் வந்திருக்கும்க்கா" என்கிறான் தம்பி. "பழைய மெஷின்தானே அண்ணா, தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கிடுங்க" என்கிறார் போனில் சித்தப்பா. அப்பா கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார். அங்கே திறந்துகூடப் பார்க்காமல், "மதர்போர்டு போயிருக்கும் சார். வேணும்னா பார்மட் அடிச்சுப் பார்க்கலாம்" என்று பதில் வருகிறது.

பார்மட் அடித்தால், உள்ளே இருக்கும் தாத்தாவின் அறுபதாம் கல்யாண போட்டோக்கள் என்ன ஆகும்? அதை யாரும் கேட்கவில்லை. இன்னொரு கேள்வியையும் யாரும் கேட்கவில்லை. 'கம்ப்யூட்டர் எப்போது அணைகிறது?'

அந்த 'எப்போது' என்பதில்தான் பாதி பதில் இருக்கிறது.

அணைவது நோய் அல்ல, அறிகுறி

காய்ச்சல் எப்படி நோய் அல்லாமல் அறிகுறியோ, தானாக ரீஸ்டார்ட் ஆவதும் அப்படித்தான். பெரும்பாலான நேரங்களில் கம்ப்யூட்டர் தன்னைத்தானே காப்பாற்றிக்கொள்ளத்தான் அணைகிறது.

பிராசஸர் சூடாகும்போது முதலில் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அப்படியும் சூடு அடங்காமல் 100 டிகிரி செல்சியஸை ஒட்டிப் போனால், கருகிவிடாமல் இருக்க மொத்தமாக அணைந்துவிடும். சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மின்சாரத்தை 12, 5, 3.3 வோல்ட்டாக மாற்றித் தருவது எஸ்எம்பிஎஸ் என்ற பெட்டி. அதற்கு வரும் மின்சாரம் ஒரு கணம் தடுமாறினாலும், கம்ப்யூட்டர் நின்று திரும்ப ஆரம்பிக்கும். மூன்றாவது, விண்டோஸ். தன் மையப் பகுதியில் சரிசெய்ய முடியாத பிழை வந்தால், தொடர்ந்து ஓடி ஃபைல்களைக் கெடுத்துவிடக் கூடாதே என்று தானே நிறுத்திக்கொள்ளும். அப்போது வருவதுதான் எல்லோரும் பயப்படும் 'நீலத் திரை'. 2025-ல் வந்த அப்டேட்களுக்குப் பிறகு விண்டோஸ் 11-ல் இது கறுப்புத் திரையாக மாறியிருக்கிறது.

இதில் வெட்கப்பட எதுவும் இல்லை. 1998 ஏப்ரலில், சிகாகோவில் நடந்த காம்டெக்ஸ் கண்காட்சி மேடையில், விண்டோஸ் 98-ஐ பில் கேட்ஸ் முன்னிலையில் செய்து காட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு ஸ்கேனரைச் செருகியதும் நீலத் திரை வந்து நின்றது. அரங்கமே சிரித்தது.

2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளின் தவறான அப்டேட் ஒன்றால், மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் முடங்கின. இந்திய விமான நிலையங்கள் சிலவற்றில் பேனாவால் எழுதிய போர்டிங் பாஸைப் பயணிகள் வாங்கிச் சென்றது அன்றுதான். பல கம்ப்யூட்டர்கள் நிற்காமல் ரீஸ்டார்ட் ஆகிக்கொண்டே இருந்தன. அத்தனையிலும் மதர்போர்டு நன்றாகத்தான் இருந்தது. 'சேஃப் மோடு' வழியாக உள்ளே போய் ஒரு ஃபைலை நீக்கியதும் அவை மீண்டும் இயங்கின.

முதல் வேலை, போட்டோக்களைக் காப்பாற்றுவது

காரணத்தைத் தேடும் முன் செய்ய வேண்டியது இதுதான். கம்ப்யூட்டர் ஓடும் அந்தச் சில நிமிடங்களில், இழந்தால் திரும்பக் கிடைக்காதவற்றை முதலில் பென் டிரைவுக்கோ எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க்குக்கோ காப்பி எடுங்கள். குடும்ப போட்டோ, சான்றிதழ் ஸ்கேன், கணக்கு வழக்கு ஆகியவை முதலில். சினிமாவும் பாட்டும் பிறகு. மொத்த டிரைவையும் ஒரே மூச்சில் காப்பி எடுக்க வேண்டாம். ஒரு ஃபோல்டர் முடிந்த பிறகு அடுத்தது என்று போனால், நடுவில் அணைந்தாலும் நஷ்டம் குறைவு.

கம்ப்யூட்டர் எழவே மறுத்தாலும் பயப்பட வேண்டாம். ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி, யூஎஸ்பி கேபிள் மூலம் வேறொரு கம்ப்யூட்டரில் இணைத்து ஃபைல்களை எடுக்க முடியும். கடைகளில் இது சாதாரண வேலை.

இரண்டு எச்சரிக்கைகள் முக்கியம். ஹார்டு டிஸ்க்கிலிருந்து 'டக்... டக்...' என்று சத்தம் வந்தால், மறுபடி மறுபடி ஆன் செய்து பார்க்காதீர்கள். ஒவ்வொரு முறையும் சேதம் கூடலாம். அடுத்தது, புதிய லேப்டாப்கள் பலவற்றில், மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டில் லாக்-இன் செய்தவுடன் டிரைவ் தானாகவே பூட்டப்பட்டிருக்கும். அதைத் திறக்க 48 இலக்க 'பிட்லாக்கர் ரெக்கவரி கீ' வேண்டும். அந்த எண் உங்கள் மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டில் சேமிக்கப்பட்டிருக்கும். ரிப்பேருக்குக் கொடுக்கும் முன், செல்போனில் அந்த அக்கவுண்டைத் திறந்து எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் நல்ல டிரைவாக இருந்தும் போட்டோக்கள் கிடைக்காது.

ஒரு பழைய நோட்டு போதும்

காப்பி எடுத்தாயிற்றா? இனி கம்ப்யூட்டர் பக்கத்தில் ஒரு நோட்டை வையுங்கள். ஒவ்வொரு முறை அணையும்போதும் மூன்று விஷயங்களை எழுதுங்கள். மணி என்ன? கம்ப்யூட்டரில் என்ன வேலை ஓடிக்கொண்டிருந்தது? அந்த நேரத்தில் வீட்டில் வேறு என்ன ஓடிக்கொண்டிருந்தது? இரண்டு மூன்று நாளில் ஒரு ஒழுங்கு தெரியும்.

மோட்டார் போட்டால் அணைகிறதா? யூபிஎஸ்ஸைப் பாருங்கள்

தண்ணீர் மோட்டார், மிக்ஸி, ஃப்ரிட்ஜ் ஓடத் தொடங்கும் கணத்தில் வீட்டு விளக்கு லேசாக மங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த ஒரு கணம் வோல்டேஜ் இறங்குகிறது. உடனே யூபிஎஸ் 'டக்' என்று பேட்டரிக்கு மாறும். பேட்டரி நன்றாக இருந்தால் கம்ப்யூட்டருக்கு எதுவும் தெரியாது. பேட்டரி செத்திருந்தால், மாறிய கணமே கம்ப்யூட்டர் விழுந்துவிடும்.

வீட்டு யூபிஎஸ்களில் பெரும்பாலும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-ஹவர் லெட்-ஆசிட் பேட்டரி ஒன்று இருக்கும். இரண்டு மூன்று ஆண்டுகளில் அதன் சக்தி குறைந்துவிடும். ஆனால், பச்சை விளக்கு எரிவதால் யூபிஎஸ் நன்றாக இருப்பதாகவே எல்லோரும் நினைப்பார்கள்.

இதைச் சோதிப்பது சுலபம். ஃபைல்களை மூடிவிட்டு, கம்ப்யூட்டர் ஓடும்போது யூபிஎஸ் போகும் சுவிட்சை அணையுங்கள். கம்ப்யூட்டர் உடனே விழுந்தால் பேட்டரியைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். இன்னொரு சோதனையாக, யூபிஎஸ்ஸை ஒதுக்கிவிட்டு ஒருநாள் நேராகச் சுவர் பிளக்கில் போட்டுப் பாருங்கள். பிரச்னை நின்றுவிட்டால் யூபிஎஸ்தான் காரணம். லேசர் பிரின்டரை யூபிஎஸ்ஸில் செருகியிருந்தால் எடுத்துவிடுங்கள். அது இழுக்கும் மின்சாரத்தைச் சிறிய யூபிஎஸ் தாங்காது.

இன்வெர்ட்டரை நம்பி கம்ப்யூட்டரை ஓட்டும் வீடுகளில் இன்னொரு சிக்கல் உண்டு. கரன்ட் போனதும் இன்வெர்ட்டர் மாறிக்கொள்ளச் சிறிது நேரம் எடுக்கும். ஃபேனுக்கும் விளக்குக்கும் அது பெரிதல்ல. கம்ப்யூட்டர் தாங்காது. பல இன்வெர்ட்டர்களில் 'யூபிஎஸ் மோடு' என்று ஒரு சுவிட்ச் இருக்கும். அதைப் போட்டால் மாறும் நேரம் குறையும்.

கேபினெட்டைத் தொட்டால் 'சுர்' என்று லேசான ஷாக் அடிக்கிறதா? அது எர்த் சரியில்லை என்பதற்கான அடையாளமாக இருக்கலாம். கம்ப்யூட்டர் கடைக்கு முன் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

சுவர் பிளக்கிலும் அதே கதை தொடர்ந்தால், அடுத்த சந்தேகம் எஸ்எம்பிஎஸ். வேறொரு நல்ல எஸ்எம்பிஎஸ்ஸை மாட்டிப் பார்ப்பதுதான் கடைக்காரர்களின் வழி. அந்தப் பெட்டியை மட்டும் வீட்டில் திறக்கவே கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் கெபாசிட்டர்களில் ஆபத்தான அளவு மின்சாரம் தேங்கியிருக்கலாம்.

கொஞ்ச நேரம் ஓடிய பிறகு அணைகிறதா? சூடு

ஆன் செய்து இருபது நிமிடம் நன்றாக ஓடுகிறது. பையன் கேம் ஆடத் தொடங்கியதும் ஃபேன் இரைந்து, கம்ப்யூட்டர் அணைகிறது. உடனே ஆன் செய்தால் முன்பைவிடச் சீக்கிரம் அணைகிறது. காலையில் ஒன்றுமில்லை, மே மாத மதியத்தில் மட்டும் தொல்லை. இவை எல்லாமே சூட்டின் அடையாளங்கள்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனைச் சில நொடிகள் அழுத்தி, பிறகு கேபினெட்டின் பக்கவாட்டுத் தகட்டைத் திறந்து பாருங்கள். தூசி கம்பளி போலப் படிந்திருக்கும். பல்லி, எறும்பு குடித்தனம் நடத்தும் வீடுகளும் உண்டு. உலர்ந்த மெல்லிய பிரஷ்ஷாலோ, காற்று ஊதும் ப்ளோயராலோ சுத்தம் செய்யலாம். ஃபேன் வேகமாகச் சுழன்று கெட்டுவிடாமல் ஒரு விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். ஈரத் துணி கூடாது.

பிராசஸருக்கும் அதன் மேல் உள்ள ஹீட் சிங்க்குக்கும் நடுவில் தடவியிருக்கும் தெர்மல் பேஸ்ட், சில ஆண்டுகளில் காய்ந்துபோகும். அதைப் புதிதாகத் தடவுவது கடைக்காரருக்குச் சிறு வேலைதான். லேப்டாப்பாக இருந்தால் மெத்தை, தலையணை மேல் வைத்து ஓட்டாதீர்கள். அடியில் உள்ள காற்றுத் துளைகள் அடைபட்டுவிடும். லேப்டாப்பின் டச்பேடு மேலே தூக்கிக்கொண்டு நின்றால், உள்ளே பேட்டரி உப்பியிருக்கலாம். உடனே அணைத்து, சார்ஜரையும் பிடுங்கிவிட்டு, சர்வீஸுக்குக் கொடுங்கள். இதில் தாமதம் கூடாது.

கேபினெட்டைத் திறந்தபோதே இன்னொன்றையும் பாருங்கள். மதர்போர்டில் சின்ன உருளைகளாக நிற்பவை கெபாசிட்டர்கள். அவற்றின் தலை தட்டையாக இருக்க வேண்டும். உப்பியோ, கசிந்தோ இருந்தால், அப்போதுதான் 'மதர்போர்டு' என்ற வார்த்தையை நம்பலாம்.

நேரம் காலம் இல்லாமல் அணைகிறதா? ரேம்

ஒருநாள் பாட்டு கேட்கும்போது, இன்னொரு நாள் சும்மா இருக்கும்போது, ஒவ்வொரு முறையும் வேறு வேறு பிழைச் செய்தி. இப்படி ஒழுங்கே இல்லாமல் இருந்தால் ரேமைச் சந்தேகிக்கலாம். விண்டோஸ் தேடல் பெட்டியில் 'மெமரி டயக்னாஸ்டிக்' என்று தேடினால் இலவசச் சோதனைக் கருவி கிடைக்கும். ரீஸ்டார்ட் செய்து அதுவே சோதித்துச் சொல்லும்.

டெஸ்க்டாப்பில் ரேமைக் கழற்றி மறுபடி அழுத்தி மாட்டினாலே பல நேரம் சரியாகிவிடும். கடலோர ஊர்களின் உப்புக் காற்றில் அதன் பித்தளை நிறக் கால்கள் மங்கிப்போவதுண்டு. கை வைக்கும் முன் கேபினெட்டின் இரும்பைத் தொட்டுக்கொள்ளுங்கள். உடலில் இருக்கும் நிலைமின்சாரம் அதில் இறங்கிவிடும். இரண்டு ரேம் இருந்தால் ஒன்றை எடுத்துவிட்டு ஒருநாள் ஓட்டுங்கள். மறுநாள் மற்றதை மாட்டி ஓட்டுங்கள். எது குற்றவாளி என்று தெரிந்துவிடும்.

புதிதாக ஏதோ போட்ட பிறகு வந்ததா? சாஃப்ட்வேர்

புது பிரின்டர், புது கேம், விண்டோஸ் அப்டேட், இரண்டாவது ஆன்டிவைரஸ் என ஏதாவது ஒன்றுக்குப் பிறகு தொல்லை தொடங்கியிருந்தால், அதை நீக்கிப் பாருங்கள். விண்டோஸ் முழுதாக எழும் முன்பே விழுந்தால் சேஃப் மோடு உதவும். லாக்-இன் திரையில் ஷிஃப்ட் கீயை அழுத்தியபடி 'ரீஸ்டார்ட்' கொடுங்கள். ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ், ரீஸ்டார்ட் என்று வரிசையாகப் போய், 4-ஐ அழுத்தினால் சேஃப் மோடு. அதில் கம்ப்யூட்டர் அணையாமல் மணிக்கணக்கில் ஓடினால், டிரைவரோ வேறு மென்பொருளோதான் காரணமாக இருக்க அதிக வாய்ப்பு.

திரை ஒரு கணம் மின்னி மறைவதால் பிழைச் செய்தியைப் படிக்க முடியவில்லையா? பிழை வந்ததும் தானாக ரீஸ்டார்ட் ஆகும்படிதான் விண்டோஸ் அமைக்கப்பட்டிருக்கிறது. 'வியூ அட்வான்ஸ்டு சிஸ்டம் செட்டிங்ஸ்' என்று தேடி, 'ஸ்டார்ட்அப் அண்டு ரெக்கவரி' பகுதியில் 'ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட்' என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். அடுத்த முறை பிழைச் செய்தி அப்படியே நிற்கும். செல்போனில் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளலாம். 'ரிலையபிலிட்டி ஹிஸ்டரி' என்று தேடினால், எந்த நாளில் எது விழுந்தது என்று காலண்டர் போலக் காட்டும்.

'ஈவன்ட் வியூவர்' பட்டியலில் 'கெர்னல்-பவர் 41' என்று இருப்பதைக் காட்டி, "எஸ்எம்பிஎஸ் போச்சு" என்று யாராவது சொன்னால் அவசரப்பட வேண்டாம். 'முறையாக ஷட் டவுன் ஆகாமல் கம்ப்யூட்டர் மறுபடி எழுந்தது' என்பதுதான் அதன் பொருள். ஏன் என்று அது சொல்வதில்லை.

எந்தப் பக்கம் என்று சொல்லும் ஒரு சோதனை

ஹார்டுவேரா, சாஃப்ட்வேரா என்று பிரித்துப் பார்க்க எளிய வழி உண்டு. கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது டெலிட் அல்லது எஃப்2 கீயை அழுத்தினால் (கம்பெனிக்குக் கம்பெனி இது மாறும்) பயாஸ் பக்கம் வரும். அங்கே எதையும் மாற்றாமல் அரை மணி நேரம் அப்படியே விட்டுவிடுங்கள். அந்தப் பக்கத்தில் விண்டோஸ் ஓடுவதில்லை. அங்கேயும் அணைந்தால், பார்மட் அடிப்பதால் எந்தப் பயனும் இல்லை. கரன்ட், சூடு, மதர்போர்டு என்று ஹார்டுவேர் பக்கம்தான் தேட வேண்டும். பல மதர்போர்டுகளின் பயாஸ் பக்கத்திலேயே பிராசஸரின் சூட்டையும் பார்க்கலாம்.

போன் நம்பர் காட்டும் நீலத் திரை, போலி!

இன்டர்நெட் பார்க்கும்போது திடீரென்று திரை முழுக்க நீலமாகி, 'உங்கள் கம்ப்யூட்டர் ஆபத்தில் இருக்கிறது, இந்த எண்ணை அழையுங்கள்' என்று அலாரம் அடித்தால், அது மோசடி. உண்மையான விண்டோஸ் பிழைத் திரையில் அழைக்கச் சொல்லி போன் நம்பர் வராது. வீட்டில் பெரியவர்களுக்கு இதை அவசியம் சொல்லி வையுங்கள். எஃப்11 அல்லது எஸ்கேப் கீயை அழுத்திப் பாருங்கள். முடியாவிட்டால் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணையுங்கள். தெரியாமல் அழைத்துப் பணத்தை இழந்திருந்தால், உடனே 1930 என்ற சைபர் கிரைம் உதவி எண்ணுக்குச் சொல்ல வேண்டும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது.

கடைக்குப் போகும்போது...

எல்லாவற்றையும் வீட்டிலேயே சரிசெய்ய முடியாது. கடைக்குப் போகத்தான் வேண்டும். வெறுங்கையோடு போகாமல் அந்த நோட்டோடு போங்கள். 'திடீர் திடீர்னு ஆஃப் ஆகுது' என்று சொல்வதற்கும், 'பயாஸ் பக்கத்துலயே பத்து நிமிஷத்துல ஆஃப் ஆகுது, நேரா பிளக்ல போட்டும் பார்த்தாச்சு' என்று சொல்வதற்கும் நிறைய வித்தியாசம். இரண்டாவதைக் கேட்டால், நல்ல மெக்கானிக் நேராக விஷயத்துக்கு வந்துவிடுவார்.

வாரன்டி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் வெளியில் திறக்காதீர்கள். பார்மட் என்றால், "டேட்டா காப்பி எடுத்தாச்சா?" என்று நீங்களே கேளுங்கள். ஏதாவது மாற்றினால் பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள், பில் வாங்குங்கள். ஏமாற்றப்பட்டதாக நினைத்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது.

"விண்டோஸ் 10-க்கு சப்போர்ட் முடிஞ்சிடுச்சு, அதான் ஆஃப் ஆகுது" என்று சொன்னால் நம்ப வேண்டாம். 2025 அக்டோபர் 14-ஓடு அதன் வழக்கமான சப்போர்ட் முடிந்தது உண்மைதான். அதனால் பாதுகாப்பு குறையும். அதற்காகக் கம்ப்யூட்டர் தானாக அணைவதில்லை.

அந்த வீட்டில் என்ன ஆனது?

நம் கற்பனை வீட்டுக்குத் திரும்புவோம். விண்ணப்பத்தை மகள் பக்கத்து வீட்டு லேப்டாப்பில் முடித்துவிட்டாள். கம்ப்யூட்டரை அப்பா பார்மட் அடிக்காமலே திருப்பி எடுத்து வந்தார். போட்டோக்கள் பென் டிரைவுக்குப் போயின. நோட்டில் மூன்று நாள் எழுதிய பிறகு, அதைப் புரட்டிய அம்மா கேட்டார்: "காலைல ஏழு, சாயந்தரம் அஞ்சரை, மறுபடி காலைல ஏழு... இதெல்லாம் நான் மோட்டார் போடற நேரமாச்சே?"

யூபிஎஸ் பேட்டரி மாற்றப்பட்டது. மதர்போர்டு இருந்த இடத்திலேயே இருக்கிறது. இப்போது மோட்டார் ஓடும்போதும் கம்ப்யூட்டர் அணைவதில்லை.

உங்கள் வீட்டில் காரணம் வேறாக இருக்கலாம். ஆனால், காப்பி முதலில், நோட்டு அடுத்து, கடை கடைசியில். இந்த வரிசை மட்டும் மாற வேண்டாம்.